சத்தம் போட்டால் யார் வருவார்கள்?

ராசா,

போனில் பேசும்போது நீ பேசிக்கொண்டே போவாய், நான் 'ம்' கொட்டுவேன். கடைசியில் "சரிதானேம்மா?" என்று கேட்பாய், நானும் "சரி தம்பி" என்று வைத்துவிடுவேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகத்துக்கு வரும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார். உன் பழைய கணக்குக் கொப்பியில் பின்பக்கம் நிறையத் தாள் வெறுமையாகக் கிடந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் பதினைந்து வருடம் பதிவுப் புத்தகம் எழுதிய கைதான் இது. இருந்தும் பிழை கண்ணில் பட்டால் நீயும் மருமகளும் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் இல்லை.

அடுத்த மாதம் இரண்டு பேரும் கட்டாருக்குப் புறப்படுகிறீர்கள். அதற்குள் அம்மா வீட்டுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று தவிக்கிறாய். உன் பயத்தை நான் விளையாட்டாக நினைக்கவில்லை. அப்பா போனபிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். தோட்டத்துக் கீழ் டிவிஷனில் ஒரு குடும்பம் திருவிழாவுக்குப் போயிருந்த நேரத்தில் பட்டப்பகலில் கதவை நெம்பித் திறந்து கொண்டுபோனதை நானும் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து பின்கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தவள்தான் நான். ஆகவே இந்த அலாரம், கெமரா எதுவும் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. பூட்டு தம்பி, தாராளமாகப் பூட்டு. யாரைக் கொண்டு பூட்டுவது, எப்படிப் பூட்டுவது, அது அடித்தால் யாரைக் கூப்பிடச் சொல்வது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது நீயே ஒரு கெமராவை வாங்கி வந்து ஏணி போட்டு முன்பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனாயே, அந்தக் கதையை முழுதாக உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ அதைத் திருப்பி வைத்த பக்கம் நம்முடைய வாசலும் தெரிந்தது, வாசலுக்குக் கீழே பீலியும் தெரிந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் அந்தத் தண்ணீர்க் குழாயடியில்தான் என்பது உனக்குத் தெரியாததா? நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஏணியில் ஏறினவன் கீழே பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் நாலாம் நாள் நம் வாசல் வழியாகக் குறுக்கே நடப்பவர்கள் எல்லாரும் சுற்றிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். "என்னக்கா, தேத்தண்ணி ஆச்சா?" என்று கேட்க ஒரு குரல் இல்லை. ஒரு வாரம் நான் மனிதர் முகம் பார்க்காமல் இருந்தேன். கொழும்பிலிருந்து நீ மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து தரம் எடுத்து, யாரோ வெள்ளையாக நிற்கிறார்கள் என்று பதறுவாய். அது பனிமூட்டம். இன்னொரு நாள் என்னுடைய உள்பாவாடை கொடியில் ஆடியது. கடைசியில் நான் ஒரு துவாயைப் போட்டு அதை மூடினேன். அன்றைக்கு எல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்று நீ அழாத குறையாகப் பேசினாய். கரண்ட் போயிருக்கும் என்று சொன்னேன். அது பொய்.

அதற்குப் பிறகுதான் நீ தொழில் தெரிந்தவர்களை வைத்தே செய்வோம் என்று முடிவெடுத்தாய். நல்ல முடிவு. நீ அனுப்பிய இரண்டு இடத்து ஆட்களும் வந்தார்கள். முதலில் வந்தவர் நுவரெலியாவிலிருந்து வேனில் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் வழுவழுப்பான படப் புத்தகம். முன் அறையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார், எட்டுக் கெமரா வேண்டும் என்றார், சைரன் சத்தம் தலவாக்கலை டவுன் வரை கேட்கும் என்றார். வீட்டின் பின்பக்கத்தை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பழுதானால் யார் வருவார்கள் என்று கேட்டேன். ஒரு நம்பர் இருக்கிறது, எடுத்தால் ஆள் அனுப்புவார்கள் என்றார். அந்த ஆள் யார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவதாக வந்தது நுவன் என்ற சிங்களப் பிள்ளை. பொல்பிட்டிய பக்கம் ஊராம். மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். உட்காரச் சொன்னால் உட்காராமல் முதலில் வீட்டைச் சுற்றி நடந்தான். கதவையெல்லாம் தள்ளிப் பார்த்தான். தகரத்துக்கு அடியில் வயர் இழுத்தால் எலி கடிக்கும், குழாய்க்குள் விட்டுத்தான் இழுக்க வேண்டும் என்றான். வெளியே வைக்கிற உணர்கருவி இந்தப் பனிக்கும் மழைக்கும் சும்மா சும்மா அடிக்கும், அதனால் கதவிலும் ஜன்னலிலும்தான் வைக்க வேண்டும், வாசலுக்கு ஒரு கெமரா போதும், அதுவும் பீலியைப் பார்க்காமல் கீழே சாய்ந்து படியை மட்டும் பார்க்க வேண்டும் என்று அவனாகவே சொன்னான். நான் அவனிடம் பீலியைப் பற்றிப் பேசவேயில்லை, தம்பி. குசினிக்கு வந்தான், கேஸ் இருந்தும் நான் எரிக்கிற விறகு அடுப்பைப் பார்த்தான். புகையைப் பார்த்து அடிக்கிற கருவியை இங்கே வைத்தால் மூன்று வேளையும் அடிக்கும், எரிச்சல் தாங்காமல் நீங்களே கழற்றிவிடுவீர்கள், சூட்டைப் பார்த்து அடிக்கிறதை இங்கேயும் புகைக்கு அடிக்கிறதைப் படுக்கிற அறையிலும் வைப்போம் என்றான். கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்ய பேட்டரி வைக்கலாம் என்றான், நம் பள்ளத்தில் எந்த சிம் எடுக்கிறது என்று பார்க்க மூன்று சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். வருடத்துக்கு ஒரு தரம் தானே வந்து பார்ப்பதாகத் தாளில் எழுதித் தருகிறேன் என்றான். அலாரத்தை நிறுத்துகிற கோட் நம்பரும் எல்லாருக்கும் ஒன்று இல்லையாம். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுக்கலாம், வேண்டாதபோது ஒருவருடையதை மட்டும் எடுத்துவிடலாம். நீ எனக்கு மகனாக இல்லாமல் கடன்காரனாக இருந்தாலும் இவனைத்தான் எடு என்று சொல்வேன்.

எல்லாம் பார்த்து முடித்தபிறகுதான் தேத்தண்ணீரைக் கையில் வாங்கினான். வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மே, நீங்க சத்தம் போட்டா யாரு வருவாங்க?"

நான் யோசிக்கவேயில்லை. "பக்கத்து வீட்டுப் பாக்கியம் வருவா" என்றேன்.

அவன் பையிலிருந்து நீ நிரப்பி அனுப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தான். அலாரம் அடித்தால் அவர்களுடைய நிலையத்திலிருந்து கூப்பிட வேண்டிய இரண்டு பெயர். முதலாவது நீ, கட்டாரில் வேலைக்குப் போகிற இடத்து நம்பரோடு. இரண்டாவது மருமகளின் அண்ணன், கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளை. நுவன் தலையைச் சொறிந்தான். வத்தளையிலிருந்து அந்த ஐயா லிந்துலைக்கு வந்து சேர்வதற்குள் கள்ளன் சோறாக்கித் தின்று பாத்திரமும் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவான் அம்மே என்றான். நானும் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நீ போனில் சொன்னது காதில் இருந்தது. "அம்மா, யாருக்கு சொன்னாலும் கோட் நம்பர பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொல்லிறாதீங்க."

ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலன்று, உன் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம் காணாமல் போனது. அன்று காலையில் பாக்கியத்தின் மகன் சிவா கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்து குசினியில் வைத்துவிட்டுப் போனான். நீ யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நீ நல்ல பிள்ளை. ஆனால் அடுத்த நாளே கெமரா, அடுத்த மாதம் அலாரம், பக்கத்து வீட்டுக்கு மட்டும் நம்பர் கிடையாது. சொல்லாமலே சொல்வது எப்படி என்று எனக்கும் தெரியும், உனக்கு முன்னால் அதை நான் செய்திருக்கிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்லப்போகிறேன். முழுதாகப் படி.

உனக்கு நாலு வயதில் நாம் இருந்த லயம் எரிந்தது உனக்குத் தெரியும். பாக்கியம் அத்தைதான் உன்னைத் தூக்கி வந்தாள் என்பதும், அவள் கை அப்போதுதான் வெந்தது என்பதும் தெரியும். கதவு பூட்டியிருந்தது உனக்குத் தெரியாது. குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பத்துக் காம்பிராவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த அந்த லயத்தில், வேலைக்குப் போகிறவர்கள் கதவைச் சாத்தி, கொண்டியில் ஒரு குச்சியைச் செருகிவிட்டுத்தான் போவார்கள். குச்சி இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். மழை வந்தால் காய்கிற துணியை எடுத்து உள்ளே போடவும், அடுப்பில் நெருப்பு மிச்சம் இருந்தால் தண்ணீர் தெளிக்கவும் பக்கத்துக் காம்பிராக்காரர்கள் அந்தக் குச்சியை உருவிவிட்டுப் போவார்கள். பூட்டுப் போட்டவர்களும் சாவியைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு காம்பிராவில் பிடித்தால் பத்திலும் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த மாதத்தில் என்னுடைய தோட்டில் ஒன்று காணாமல் போனது. அம்மா வீட்டில் போட்ட ஒரே தங்கம். ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகும்போது இரண்டையும் கழற்றித் தகர டப்பாவில் போட்டேன் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். வந்து பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. அந்த நேரத்தில் நெருப்புப் பெட்டி எடுக்க பாக்கியம் உள்ளே வந்து போயிருந்தாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. லிந்துலைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல். காய்ச்சல் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் எடுக்க மாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் உன்னைப் பாக்கியத்திடம் விட்டுவிட்டுப் போயிருப்பேன். அவள் கால் சுளுக்கி வீட்டில்தான் இருந்தாள். அவளிடம் விட எனக்கு மனம் வரவில்லை. மருந்தைக் கொடுத்து உன்னைத் தூங்க வைத்து, பறித்த தேயிலைக் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு ஓடி வந்துவிடலாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டேன். ஒரு தாய் செய்கிற காரியமா இது என்று நீ கேட்கலாம்.

பத்து மணி இருக்கும், பெக்டரிச் சங்கு நேரமில்லாத நேரத்தில் ஊதியது. எங்களுக்கு அதுதான் அலாரம். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். நாலாவது காம்பிராவில் வயரில் பிடித்த நெருப்பு, நம் ஆறாவது காம்பிராவின் கூரைக்கு வந்துவிட்டிருந்தது. நீ பாக்கியத்தின் மடியில், அவளுடைய சால்வைக்குள், மரக்கறித் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாய். "அக்கா, புள்ள நல்லாருக்கான்" என்று முதலில் சொன்னவள் அவள்தான். அவள் இடது கையைப் பிறகுதான் பார்த்தேன். நீ அழுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. சுளுக்கிய காலோடு வந்து, விறகு பிளக்கிற கோடரியால் அந்தப் பூட்டை அடித்திருக்கிறாள். அது உடைய நேரம் எடுத்தது. அதற்குள் கூரையிலிருந்து பழுக்கக் காய்ந்த தகரம் சரிந்து அவள் கையில் விழுந்தது. குச்சி மட்டும் செருகியிருந்தால் உருவிப் போட்டுவிட்டு ஒரு நொடியில் உன்னைத் தூக்கியிருப்பாள். அந்தக் கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அதற்குப் பிறகு அவளால் மற்றவர்களைப் போல இரண்டு கையாலும் கொழுந்து எடுக்க முடியவில்லை.

பிள்ளையை வைத்துப் பூட்டினாயா என்று எல்லாரும் கேட்டார்கள். காற்றுக்குக் கதவு திறந்துகொள்ளும், காய்ச்சலோடு மழையில் இறங்கிவிடுவான் என்று பூட்டினேன் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். பாக்கியம் என்னைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் பார்த்தாள். அன்று பின்னேரம் எங்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்தில், தலையில் போட்டு வேலைக்குப் போகிற கம்பளியை உதறினேன். அதன் நூலில் சிக்கிக்கொண்டு தோடு தொங்கியது. மலையிலேயே கழன்றிருக்கிறது. நான் அதை எடுத்து யாருக்கும் தெரியாமல் காதில் போட்டுக்கொண்டேன். பிறகு பிள்ளை மடுவ வேலை காலியானபோது நானாகக் கேட்டுப் போனேன். காய்ச்சல் பிள்ளைகளையும் சட்டத்துக்கு மாறாக ஒரு மூலையில் படுக்க வைத்துக்கொண்டேன். அது பாக்கியத்துக்குச் செய்த பரிகாரம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இத்தனை வருடம் பக்கத்திலேயே வாழ்ந்துவிட்டேன்.

நுவன் போன மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். லீக்ஸ் கட்டுகளைப் பிரித்து அழுகினதைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோடு, டப்பா, கம்பளி, பூட்டு. அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. பூட்டு புதுசா இருந்துச்சு."

நான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் என்னை அழவிட்டாள். பிறகு, "அந்தக் கோவம் இல்லேன்னா அந்தப் பூட்டு ஒடைஞ்சிருக்காது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாளா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

உன் கடிகாரம் இன்னும் கிடைக்கவில்லை. மெத்தைக்கு அடியில், அரிசிப் பெட்டிக்குப் பின்னால், எல்லா இடமும் தேடிவிட்டேன். தோடு மாதிரி எங்காவது சிக்கியிருக்கும் என்று உனக்குக் கதை சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் கிடைக்கவில்லை. வரும்போது நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும் அவசரத்தில் நீயே விட்டிருக்கலாம். சிவா எடுத்தும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் உன்னிடம் சொல்கிறேன். தெரியாத ஒன்றுக்காக ஒரு பூட்டு வாங்கினேன், அதை உடைத்தது அவள் கை. பொங்கலுக்குப் பிறகு சிவா நம் வாசல் மிதிக்கவில்லை. வண்டியில் கொண்டுவரும் கேஸ் சிலிண்டரை இப்போது படிக்குக் கீழே வைத்துவிட்டு ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறான். நான் உருட்டிக்கொண்டு வருகிறேன்.

படிவத்தில் அவள் பேரை எழுதட்டுமா என்று பாக்கியத்திடம் கேட்டேன். கையில் இருந்த லீக்ஸைக் கீழே வைத்தாள்.

"கடிகார விசயம் எங்களுக்கும் தெரியும்க்கா. நீங்க கேட்டு நான் சரின்னு சொல்லமாட்டேன். தம்பி வந்து கேக்கட்டும்."

அலாரம் அடிக்காவிட்டாலும் நீங்கள் சத்தம் போட்டால் நான் வருவேன், அதற்குப் படிவம் வேண்டாம் என்றும் சொன்னாள். எனக்கு அது போதும். ஆனால் உனக்கு அது போதாது தம்பி. நீ கடல் தாண்டி இருந்து நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால், இங்கே அடிக்கிற மணிக்கு இரண்டு நிமிடத்தில் ஓடி வருகிற ஆள் உன் சம்மதத்தோடு அந்தத் தாளில் இருக்க வேண்டும். பயந்துபோய் பூட்டாதே. நான் அப்படிப் பூட்டித்தான் உன்னை இழக்கப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் நுவன் அலாரம் பூட்ட வருகிறான். வெள்ளிக்கிழமை ரயிலிலேயே நீ வந்துவிடு. அவன் விட்டுப்போன படிவத்தில் நான் வத்தளைப் பெயரை அடித்துவிட்டேன், மருமகள் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். பக்கத்து வீட்டுக்கு நீ தனியாகப் போ, நான் வர மாட்டேன். முழுப் பெயரும் அடையாள அட்டை நம்பரும் எழுத வேண்டுமாம். அவளுடைய முழுப் பெயர் உனக்குத் தெரியாது, வெட்கக்கேடு, எனக்கும் தெரியாது. கேட்டு எழுது. வரும்போது ஒரு பேனா வாங்கி வா, இங்கே இருந்த பேனாவில் மை முடியப்போகிறது.

அம்மா